நீ மாற்றிக்கொண்ட வீடு

அடியே,

உன் வீட்டில் மறுபடி சிமென்ட் குழைக்கிறார்கள். காலையிலிருந்து அந்தப் பச்சை வாசனை மேடேறி என் சமையலறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும்போது ஈரச் சிமென்டுக்கு ஒரு வாசனை வருமே, அதேதான். தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். உள்ளே கடுகு கருகிப்போயிற்று. "அங்க என்னத்தப் பாக்குற? அடுப்புல கருகுறது மூக்குல ஏறலயா?" என்று அத்தை பின்னாலிருந்து கத்தினார். எனக்கு மூக்கில் ஏறியிருந்தது வேறு வாசனை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

உன் மகன் பிரபுதான் கலவை போடுகிறான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவனுக்கு இப்போது கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணமும் ஆகிவிட்டது. பெண் பெயர் நந்தினி, திருப்பூர்க்காரி, ஐந்து மாதக் கர்ப்பிணி. பூட்டிக் கிடந்த வீட்டில் பெயர்ந்துபோன பூச்சையெல்லாம் சரிசெய்துகொண்டே குடியிருக்கிறார்கள். உன் மகன், உன் மருமகள், உன் வீடு. நீ மட்டும் இல்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? உன்னிடம்தான் சொல்ல முடியும், அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் அந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். நான் பர்லியாரில் வெக்கையில் வளர்ந்தவள். முதல் குளிருக்கே உதடு வெடித்து, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அழுதவள். நீ கட்டபெட்டுக்காரி. உங்கள் ஆட்கள் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறியவர்கள், ஊடு, ஏனுங்க என்றுதான் பேச்சு. என் அத்தையோ சிறுமியாகச் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். லயத்து அறையை இன்றைக்கும் காம்பரா என்பார், முன்வாசல் தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்பார். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் நீ சிரித்தால் இந்தப் பக்கம் எங்கள் அலமாரியில் டம்ளர் அதிரும். எனக்குக் கோபம் வருகிற வேகத்தில் உனக்குச் சிரிப்பு வரும். "மூக்கு மேல இத்தன கோவத்த வெச்சிருக்கியே, மூக்குத்தி போட எடம் இருக்குதா புள்ள?" என்று கேட்பாய். நான் இன்னும் அதிகமாகக் கத்துவேன்.

மலை இறங்கியது ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வாரம் முழுக்க விடாத மழை. நீயும் நானும் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரரும் அத்தையும் கட்டபெட்டுக் கடைக்குப் போயிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பிரபு அப்போதே திருப்பூருக்குப் போய்விட்டிருந்தான். லாரியில் மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் லயத்தில் பாதி இல்லை. உன் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. மண்ணைத் தோண்டி அவரை எடுக்கிற வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்த பிறகு, "சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்காரு பாரு" என்றாய். அதற்கப்புறம்தான் அழுதாய்.

எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே மண் வெட்டிய சரிவின் அடியில் தகர ஷெட் போட்டு நம்மையெல்லாம் தங்கவைத்தார்கள். பின்பக்க மண் சுவரில் எப்போதும் தண்ணீர் கசியும். ஒவ்வொரு தூறலுக்கும் நாம் அந்தச் சுவரைத்தான் பார்ப்போம். சாப்பிடும்போதும் பார்ப்போம், தலை சீவும்போதும் பார்ப்போம். நீகூட அந்த நாட்களில் சத்தமாகச் சிரித்ததில்லை.

கோயமுத்தூரிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்து, மேலே புல்வெளியில் நமக்கு வீடு கட்டித்தர ஒப்புக்கொண்டது. சாமான் அவர்களுடையது, மேஸ்திரி அவர்களுடையவர். மண் சுமக்க, கல் சுமக்க, கலவை தூக்க நாம். எல்லார் வீட்டுக்கும் எல்லாரும் உழைக்க வேண்டும் என்று பேச்சு. வீட்டைக் குலுக்கல் போட்டார்கள். உனக்கு மேல் வரிசையில், தார் ரோட்டை ஒட்டிய வீடு. எனக்குக் கீழ்க்கோடியில், காட்டு ஓரத்தில். "ராணிக்கு அரண்மன ரோட்டு மேல, சேடிக்குக் குடிச காட்டுல" என்று என்னைக் கிண்டல் செய்தாய். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. வீடு என்ற ஒன்று இருந்தால் சரி.

சித்திரையில் அஸ்திவாரம் தோண்டினோம். எங்கள் வீட்டு அடிமட்டம் எழும்பி முடிந்த நேரத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது.

உனக்குத் தெரியும், எனக்கு முன்னால் இரண்டு போயிருந்தன. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் வீட்டுக்காரர் லயத்துச் சமையல்கட்டுச் சுவரை இடித்துப் புகைபோக்கி வைத்தார். அந்த மாதமே கலைந்தது. இரண்டாவது, ஆறாம் மாதம். உளுத்துப்போன வாசல் நிலையை எஸ்டேட்டில் மாற்றிக் கொடுத்தார்கள், நிலை மாற்றின வாரம் வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றார்கள். அத்தைக்கு ரத்தமெல்லாம் கணக்கில்லை. "கர்ப்பிணி இருக்கிற ஊட்டுல நெலையத் தொடக்கூடாதுன்னு சொன்னேன், எவன் கேட்டான்?" என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார். இப்போது மூன்றாவது. அத்தை எங்கள் அடிமட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். நிலை வைக்கக் கூடாது, கூரைத் தளம் போடக் கூடாது, பிள்ளை பிறந்து தீட்டு கழிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

நிலை வைக்காமல் சுவர் எப்படி எழும்பும்? மற்ற வீடுகள் வளர்ந்தன. எங்களுடையது மட்டும் இடுப்பளவுகூட வராமல் பாசி பிடித்துக் கிடந்தது. அத்தையை மூடநம்பிக்கைக்காரி என்று அறக்கட்டளை அனுப்பியிருந்த இன்ஜினியர் பையன் சொன்னான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் நானும் நம்பினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்தான், ஆனால் இரண்டு பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தவள் நானல்லவா? சூடு கண்ட பூனைக்கு அடுப்பில் தீ இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை.

ஆனி மாதம் உன் வீட்டு நிலை. அதை நான் மறக்கவே மாட்டேன். மேஸ்திரி நிலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "மஞ்சள் பூசப்போற சுமங்கலி யாருங்க?" என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் நின்றோம். உன் நெற்றி வெறுமையாக இருந்தது. உனக்கு அக்கா தங்கை கிடையாது. நான் பூசுகிறேன் என்று கையை நீட்டினேன். அத்தை என் முழங்கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. மற்றப் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். மேஸ்திரி பாரம் தாங்காமல் கால் மாற்றி நின்றார்.

நீ எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாய். பிறகு மஞ்சள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "எங்க ஊட்டுக்கு நானே பூசிக்கறேனுங்க. எனக்கென்ன கையா இல்ல?" என்றாய். கொஞ்சநஞ்சமாகவா பூசினாய், சுவருக்குப் பூச்சு பூசுகிற கனத்தில் பூசினாய். நவதானியத்தை அடியில் போட்டாய். குங்குமம் வைத்தாய். வைத்த விரலை எங்கே துடைப்பது என்று ஒரு கணம் தெரியாமல் நின்றாய். கடைசியில் புடவையில் துடைத்தாய். எனக்கு அழுகை வந்தது, அத்தை மேல் ஆத்திரம் வந்தது, வயிற்றில் இருப்பதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயமும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

ஆவணிக் கடைசியில் இன்ஜினியர் ஷெட்டுக்கு வந்தான். மூக்குக் கண்ணாடி பனியில் மங்கியிருந்தது, துடைத்துத் துடைத்துப் பேசினான். தீபாவளிக்குக் கொத்தனார்கள் கீழே போய்விடுவார்கள், கலவை மிஷினும் இறங்கிவிடும், மறுபடி மலையேறாது. அதற்குள் தளம் போடாத வீட்டை அறக்கட்டளை கைவிட்டுவிடும். "நான் என்னங்க பண்றது? மேல கேட்டாச்சு, முடியாதுன்னுட்டாங்க" என்றான். அவனைத் திட்டியும் பிரயோஜனமில்லை.

அன்றைக்கு எங்கள் ஷெட்டில் நடந்த சண்டையை நீ தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"ஊடு போனாப் போகட்டும், புள்ள தங்கட்டும்" என்றார் அத்தை.

"பொறந்த புள்ளய எங்க போடுவ? இந்த மண்ணுக்கு அடியிலயா?" என்று என் வீட்டுக்காரர் முதல்முறையாக அம்மாவை எதிர்த்துக் கத்தினார்.

"எனக்கு ஒண்ணு தங்குனா, மரத்தடியில போட்டுக்கூட வளத்துக்குவேன்" என்று நான் கத்தினேன். அப்புறம் வெளியே எட்டிப் பார்த்தேன். மழை. பின்சுவரிலிருந்து கசிந்த செம்மண் தண்ணீர் வழிந்து வந்து அடுப்பங்கரையில் தேங்கி நின்றது. மரத்தடியில் வளர்க்க முடியாது என்று எனக்கே தெரிந்தது. வீடா பிள்ளையா என்று கேட்டால் எந்தத் தாய் பதில் சொல்வாள்? சொல்லத்தான் வேண்டியிருந்தது, அதுவும் அந்த வாரத்துக்குள்.

மறுநாள் காலையில் நீ வந்தாய். தலைகூடத் துவட்டவில்லை. எங்கள் ஷெட் வாசலில் குந்திக்கொண்டு, என்னையோ அத்தையையோ பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினாய்.

"ஏனுங்கண்ணா, உங்க கீழ ஊட்ட எனக்குக் குடுத்துருங்க. எம் மேல ஊட்ட நீங்க எடுத்துக்கங்க."

யாருக்கும் புரியவில்லை. நீயே விளக்கினாய். "எங்க ஊட்டுல நெலையும் வெச்சாச்சு, தளமும் போட்டாச்சு. அதையெல்லாம் பண்ணுனது நானு. இவ வயித்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல. கீழ இருக்கற அடிமட்டம் இன்னையிலிருந்து என்னுது. அதுல நெல வெச்சா எம்மேல வரட்டும். எனக்கு வர்றதுக்கு இன்னும் என்ன மிச்சமிருக்குது?"

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றேன். ரோட்டை ஒட்டிய வீடு, குழாய் பக்கத்தில், வெயில் விழுகிற முற்றம். அதைக் கொடுத்துவிட்டுக் காட்டு ஓரத்தில் பாசி பிடித்த அஸ்திவாரத்தை எவள் கேட்பாள்?

"எனக்கு ரோட்டுச் சத்தம் ஆவாது புள்ள" என்றாய். பொய். ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டியையும் நின்று பார்க்கிறவள் நீ.

இன்ஜினியருக்குச் சம்மதம். எந்த வீட்டில் யார் இருந்தாலும் தளம் வந்தால் போதும் என்றான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தைதான் மசியவில்லை. கடைசியில் சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"தாலியறுத்தவ கை வெச்ச நெல. அதுக்குள்ள எம் மருமகளப் புள்ளையோட அனுப்பச் சொல்றியா?"

அத்தையைப் பிடித்துத் தள்ளிவிடுவேன் என்று பயந்து நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். நீ எழுந்தாய். சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

"ஏனுங்க அத்த, மல எறங்கறப்ப அது சுமங்கலி ஊடு, அறுதலி ஊடுன்னு பாத்துட்டா எறங்குச்சு?"

அப்படியொரு வார்த்தையை உன்னைப் பற்றி நீயே சொல்வாய் என்று அத்தை நினைக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அது சம்மதமா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாங்களாகச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் மழைக்கும் போட்டி. புரட்டாசி முழுக்க மத்தியானமானால் வானம் இருட்டிவிடும். எல்லாரும் உன் கூட உழைத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவையாக நிலை வைத்தாய், இரண்டாவது தடவையாக நீயே மஞ்சள் பூசினாய். "ஒரு பொம்பள ஒரே வருசத்துல ரெண்டு நெல வெச்சது இந்த மலையிலயே நானாத்தான் இருப்பேன்" என்று பெருமை அடித்துக்கொண்டாயாம். எனக்கு வந்து சொன்னார்கள். நான் அந்தப் பக்கமே வரக் கூடாது என்று அத்தை உத்தரவு.

தளம் போட்ட நாளில் மட்டும் உத்தரவை மீறினேன். உன் மேல் வீட்டு ஜன்னலில், இன்னும் கதவு போடாத ஜன்னல் அது, நின்றுகொண்டு கீழே பார்த்தேன். மறுநாள் மிஷின் இறங்குகிறது. காலையில் வெயில் இருந்ததை நம்பிக் கலவை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாதித் தளம் ஆனபோது கட்டபெட்டுப் பக்கமிருந்து மழை வருவது தெரிந்தது. முதலில் அந்தப் பக்கத்து யூகலிப்டஸ் மரங்கள் மறைந்தன, பிறகு தேயிலை மறைந்தது. மேஸ்திரி "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார். நிறுத்தினால் அவ்வளவுதான், பாதித் தளம் தளமில்லை. நீ தார்ப்பாயை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாய். உன் பின்னாலேயே மற்றப் பெண்களும் ஏறினார்கள். நாலு பக்கமும் நின்று தார்ப்பாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தீர்கள். அதற்கு அடியில் குனிந்தபடி ஆட்கள் கலவையைக் கொட்டி மட்டம் தட்டினார்கள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. ஒரு தடவை உன் மூலை கையைவிட்டுப் போய், நீ ஓரத்துக்கே வந்துவிட்டாய். நான் இங்கிருந்து அலறினேன். உனக்குக் கேட்டிருக்காது. எட்டிப் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்டு நின்றாய். தளம் முடிகிற வரை நீ அந்த மூலையை விடவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாரியாத்தா மாரியாத்தா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

கார்த்திகையில் இரண்டு வீட்டிலும் பால் காய்ச்சியது நீதான். கர்ப்பிணி புதுவீடு புகக் கூடாது என்று அத்தை அதற்கும் இழுத்தார். "குடி போக வேண்டாம், விருந்துக்கு வாங்க. புள்ள பொறக்கற வரைக்கும் எங்க ஊட்டுல விருந்தாளியா இருங்க" என்று அதையும் முடித்துவைத்தாய். நாங்கள் முன்வாசல் வழியாகப் போனோம். அத்தை போகவில்லை. நீ மஞ்சள் பூசிய நிலையைத் தாண்டாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாகத்தான் வருவார், போவார். மழையிலும் சேற்றிலும் அப்படித்தான். "அத்த கொல்லப்பக்கம் ஒரு ரோடு போட்டுத் தரச் சொல்லுங்க இன்ஜினியர்கிட்ட" என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தை பிறந்து, கோத்தகிரி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்து, அவள் அழுத அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய அத்தை பிள்ளையைக் கையில் வாங்கி, நேராக முன்வாசல் வழியாக நடந்து உள்ளே போனார். நீ என் இடுப்பில் கிள்ளினாய்.

அதோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

மேல் வரிசைக்காரர்களுக்குத் தார் ரோடு. வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு நாங்கள் ரோட்டோடு நடந்துபோய்விடுவோம். கீழ்க்கோடி வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறிவர ஒரே ஓர் ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் சோலைக்காடு, மறுபக்கம் கவாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பழைய தேயிலை. காட்டெருமை வருகிற இடம். நமக்குத் தெரியாதா? தெரியும். எஸ்டேட்டில் எங்கேதான் காட்டெருமை வரவில்லை? கை தட்டிக்கொண்டு போனால் ஒதுங்கிவிடும் என்பாய். தினமும் கை தட்டிக்கொண்டுதான் வருவாய்.

மகளுக்குப் பல் முளைத்து நடை பழகிய வருஷம். வேலைக்குக் கிளம்பும் நேரம், ஒரே மூடுபனி. நான் ரோட்டில் உனக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. கன்று போட்ட காட்டெருமை என்று அப்புறம் சொன்னார்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நீ போய்விட்டாயாம். ஜீப்பில் உன் தலை என் மடியில் இருந்தது. "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ கண்ணைத் திறந்து, "புள்ளைக்குக் குடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டாய். காலையில் பால் கொடுத்துவிட்டு வந்தேனா என்று. கொடுத்துவிட்டேன் என்றேன். அதற்கப்புறம் நீ பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ வரவில்லை.

சாவு வீட்டில் ஊர் என்னவெல்லாம் பேசியது தெரியுமா? கர்ப்பிணி வீட்டு நிலை அவளை எடுத்துக்கொண்டது என்றார்கள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "எங்க ஊட்டுக்கு வந்தத அவ வாங்கிக்கிட்டாளே, நான் பேசுன வாய்க்கு வரலியே" என்று உருண்டார். அவர் அழுததைப்போல உன் சொந்தக்காரர்கள்கூட அழவில்லை. ஒருத்தி என் தோளைத் தடவி ஆறுதல் சொல்கிறாளாம், "விடு, தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு" என்று.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "யாருடி தலப்பாக? அவளா? அவ தலப்பாகயாடி எனக்கு?" என்று பிணத்தைப் போட்டிருக்கிற வாசலில் அவளுடைய கூந்தலைப் பிடித்துவிட்டேன். பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது. நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய்.

நான் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். தோஷமுமில்லை, நிலையுமில்லை. பாதை. அந்தப் பாதை குலுக்கலில் எனக்கு விழுந்தது. வீடு மாறாமல் இருந்திருந்தால் அன்றைக்குக் காலையில் கை தட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டியவள் நான், ரோட்டில் நின்றிருக்க வேண்டியவள் நீ. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், எல்லாம் விதி, மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்கிறார். நான் தப்புச் செய்தேன் என்று சொல்லவில்லையே. நீ கொடுத்தாய், நான் வாங்கினேன். வயிற்றில் பிள்ளையோடு இன்னொரு தடவை நின்றாலும் வாங்கத்தான் செய்வேன். ஆனால் வாங்கினேன் என்பது எனக்குத் தெரிய வேண்டாமா? மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அவள் ரோட்டில் குதித்துக் குதித்துப் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாதைப் பக்கமும் என் கண் போகும். சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும் இல்லை.

பிரபு வந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன். "உங்கம்மா ஊடு இதுதாண்டா. நீ பொண்டாட்டியோட இங்க வந்துரு, நாங்க கீழ போறோம்" என்றேன். அத்தை அதற்குள் பாத்திரத்தை எடுத்து அடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அவன் உன் மாதிரியே குந்தி உட்கார்ந்து சிரித்தான். "ஏனுங்க சித்தி, அம்மா குடுத்தத நான் திருப்பி வாங்குனா, கனவுல வந்து ஒதைப்பாங்க. அவங்க தார்ப்பாயப் பல்லுல கடிச்சு நின்ன தளம் அது. அதுக்குக் கீழதானுங்க எம் புள்ள தூங்கோணும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. உன் பிள்ளை அல்லவா?

நந்தினிக்குக் கட்டபெட்டில் ஒரு தையல் கடையில் வேலை. ஐந்து மாத வயிற்றோடு தினமும் காலையில் அந்தப் பாதையில் ஏறித்தான் பஸ்ஸுக்கு வர வேண்டும். முதல் நாளே நான் கீழே இறங்கிப் போய்விட்டேன். இப்போது தினமும் போகிறேன். கையில் ஒரு தகர டப்பாவும் குச்சியும். தட்டிக்கொண்டே போய் அவளைக் கூட்டிக்கொண்டு, தட்டிக்கொண்டே ஏறி வருவேன். அத்தை ஒன்றும் கேட்பதில்லை, அடுப்பை அவர் பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் ஒரு நாள், பனி. பாதி தூரம் ஏறியிருப்போம். முன்னால் பாதையை அடைத்துக்கொண்டு ஒன்று நின்றது. முதலில் பாறை என்று நினைத்தேன். அப்புறம்தான் அது மூச்சுவிடுவது தெரிந்தது. டப்பாவைத் தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. கை ஓடவில்லை. ஓடு என்றது கால். ஓடினால் எனக்குப் பின்னால் இருப்பது அவள். அவளுக்குள் இருப்பது உன் பேரப்பிள்ளை. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாதையின் நடுவில் நின்றேன். வாய்க்குள் உன்னைத்தான் திட்டினேன், பாவி, உன்னால்தானடி இங்கே நிற்கிறேன் என்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது தலையை ஆட்டிற்று, தேயிலைக்குள் திரும்பிற்று, செடிகள் முறிகிற சத்தம் கீழே இறங்கி இறங்கிப் போயிற்று.

நந்தினி என் முதுகுப்பக்கம் ரவிக்கையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். ரோட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. "ஏனுங்க சித்தி, உங்களுக்குப் பயமே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

அவளிடம் இல்லை என்றுதான் சொன்னேன். சின்னப் பெண், வயிற்றுப்பிள்ளைக்காரி, வேறென்ன சொல்வது?

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பயம்தான், ஒவ்வொரு நாள் காலையிலும் பயம். பயந்துகொண்டேதான் போகிறேன். ஆனால் முன்னால் போகிறேன், அடியே. அவள் எனக்குப் பின்னால்தான் வருகிறாள்.